ஐரோப்பியக் குடியுரிமை: இளைஞர்கள் எந்தக் கதவை எப்போது தட்டுவது

ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாவது பெரும்பாலும் பெயர்கள்தான்: ஆணைக்குழு, பாராளுமன்றம், அமைச்சர் சபை, 27 நாடுகள், 12 நட்சத்திரங்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் ஊரிலோ வேலையிலோ பயணத்திலோ ஒன்று சரியில்லை என்று கண்டு அதை மாற்ற நினைக்கும்போது அந்தப் பெயர்கள் கைகொடுப்பதில்லை. அப்போது வேண்டியது ஒரே கேள்விக்கான விடை: இதை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? இளைஞர்களின் மனுக்கள் பல தள்ளுபடியாவது விஷயம் நல்லதல்ல என்பதற்காக அல்ல, போகக்கூடாத இடத்துக்குப் போனதற்காக.

இந்த வழிகாட்டி 16 முதல் 30 வயது வரையானவர்களுக்கும், அவர்களோடு வேலை செய்யும் ஆசிரியர்களுக்கும், ஐரோப்பிய நகரங்களில் தமிழ்ப் பாடசாலை நடத்துபவர்களுக்கும்.

முதலில் கடவுச்சீட்டைப் பாருங்கள்

ஐரோப்பியக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க முடியாது. 1993 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் அதை உருவாக்கியது: உறுப்பு நாடு ஒன்றின் குடியுரிமை இருந்தால் ஒன்றியக் குடியுரிமையும் தானாக வந்துவிடும், நாட்டுக் குடியுரிமை போனால் அதுவும் போய்விடும். பிரித்தானியா 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியபோது பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அந்த உரிமையை இழந்தது இதனால்தான்.

குழு ஒன்றில் சேர்ந்து வேலை தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தன் நிலையை ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. தமிழ்க் குடும்பங்களில் ஒரே வீட்டுக்குள் தாய்க்கு வதிவிட அனுமதி, தகப்பனுக்கு அகதி அந்தஸ்து, பிள்ளைக்கு ஜேர்மன் கடவுச்சீட்டு என்று இருப்பது வழக்கம். ஆகவே அண்ணனுக்கு இருக்கும் உரிமை தங்கைக்கு இல்லாமல் போகலாம்.

உறுப்பு நாட்டுக் குடியுரிமை இருப்பவருக்கு எல்லாக் கதவுகளும் திறந்திருக்கின்றன: ஐரோப்பியத் தேர்தலிலும் வாழும் ஊரின் உள்ளூராட்சித் தேர்தலிலும் வாக்களிப்பது, போட்டியிடுவது, குடிமக்கள் முன்முயற்சியில் (சட்டம் ஒன்றைக் கேட்டுப் பத்து இலட்சம் கையெழுத்துச் சேர்க்கும் வழி) கையெழுத்திடுவது, மனுக் கொடுப்பது. இன்னொரு பயனும் உண்டு. தன் நாட்டுத் தூதரகம் இல்லாத இடத்தில் வேறு உறுப்பு நாட்டின் தூதரகத்தில் உதவி கேட்கலாம். டென்மார்க்குக்குக் கொழும்பில் தூதரகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் கடவுச்சீட்டைத் தொலைத்த டெனிஷ் குடிமகள் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு கொழும்பில் உள்ள ஜேர்மன் அல்லது பிரெஞ்சுத் தூதரகத்திடம் அவசரப் பயண ஆவணம் கேட்கலாம்.

சட்டப்படி வதிபவர், ஆனால் குடியுரிமை இல்லாதவர் என்றால் வாக்கும் முன்முயற்சிக் கையெழுத்தும் கிடையாது. ஆனால் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம், குறைகேள் அதிகாரிக்கு (ஒன்றியத்தின் நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிப்பவர்) எழுதலாம், சட்டங்களை முன்மொழியும் ஆணைக்குழுவின் கருத்துக்கேட்பில் பதில் சொல்லலாம், கீழே சொல்லப்படும் இளைஞர் திட்டங்களில் சேரலாம். பல பிள்ளைகள் ‘எனக்குத்தான் கடவுச்சீட்டு இல்லையே’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது தேவையில்லாத இழப்பு. உள்ளூராட்சித் தேர்தலில் வெளிநாட்டவருக்கும் வாக்குக் கொடுக்கும் நாடுகளும் இருக்கின்றன: நெதர்லாந்தில் ஐந்து ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்திருந்தால், சுவீடனில் மூன்று ஆண்டுகள் பதிவில் இருந்திருந்தால் நகரசபைக்கு வாக்களிக்கலாம்.

சுவிஸ், நோர்வே, பிரித்தானியக் கடவுச்சீட்டுகள் ஒன்றியக் குடியுரிமை தருவதில்லை. தமிழர் செறிந்து வாழும் நாடுகள் என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. மறுபக்கம், புதுச்சேரியில் பிறந்து அங்கேயே வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் முழு ஐரோப்பியக் குடிமக்கள். பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் அங்கிருந்தே வாக்களிக்கலாம்.

அதிகாரம் யார் கையில்?

ஐந்து முதல் எட்டுப் பேர் ஒரு மாலை கூடுங்கள். தங்களை உறுத்தும் ஒன்றை ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் எழுதட்டும். ‘இனவாதம்’, ‘காலநிலை’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். ‘பாரிஸிலிருந்து கோபன்ஹேகனுக்கு ரயிலில் போக மூன்று இடங்களில் தனித்தனியாக டிக்கெட் வாங்கவேண்டியிருக்கிறது, நடுவில் ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்கான காசு போகிறது’ என்ற அளவுக்கு இறங்க வேண்டும். பிறகு அந்த வாக்கியங்களை மூன்று குவியல்களாகப் பிரியுங்கள்.

முதற் குவியலில் ஒன்றியம் மட்டுமே சட்டம் செய்யக்கூடியவை: வெளிநாட்டு வர்த்தகம், சுங்கம், போட்டி விதிகள், யூரோவின் நாணயக் கொள்கை, கடல் மீன்வளப் பாதுகாப்பு. இரண்டாவதில் ஒன்றியமும் நாடுகளும் பகிர்ந்துகொள்பவை: சூழல், போக்குவரத்து, நுகர்வோர் பாதுகாப்பு, சக்தி, விவசாயம். மேலே சொன்ன ரயில் டிக்கெட் இங்கே விழும். மூன்றாவதில் நாடுகளின் கையில் உள்ளவை; ஒன்றியம் உதவ மட்டும் செய்யும்: கல்வி, கலாசாரம், இளைஞர், விளையாட்டு.

தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் எழுப்பும் மூன்று விஷயங்களை வைத்துப் பார்த்தால் இந்தப் பிரிப்பு விளங்கும். அரச பாடசாலையில் தமிழை ஒரு பாடமாக்க வேண்டும் என்பது கல்வி; ஜேர்மனியில் அது மத்திய அரசின் அதிகாரம்கூட அல்ல, மாநிலத்தினுடையது. புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளின் தாய்மொழிக் கல்வி பற்றி 1977 இல் ஓர் ஐரோப்பிய நெறிமுறை (நாடுகள் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டிய ஒன்றியச் சட்டம்) வந்தது உண்மை. ஆனால் அது வேறு உறுப்பு நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு மட்டுமானது. பிரசல்ஸில் உள்ள ஒன்றிய நிறுவனங்களுக்கு எழுதுவதால் பயனில்லை. மாநிலக் கல்வி அமைச்சுக்கே போக வேண்டும்.

இரண்டாவது, இலங்கைப் பொருட்களுக்கு ஒன்றியம் இறக்குமதி வரியில் தரும் ஜிஎஸ்பி பிளஸ் சலுகை. இது வர்த்தகம், முழுக்க ஒன்றியத்தின் அதிகாரம். 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடிப்பதோடு இணைக்கப்பட்ட இந்தச் சலுகை 2010 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டு 2017 மே மாதம் மீண்டும் தரப்பட்டது. 2021 ஜூன் 10 அன்று ஐரோப்பியப் பாராளுமன்றம் பயங்கரவாதத் தடைச்சட்டத்தைச் சுட்டி இதைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. உங்கள் நாட்டின் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுத இது பொருத்தமான விஷயம்.

மூன்றாவது, தனி ஒருவரின் தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. இதை ஐரோப்பியப் பாராளுமன்றத்தால் மாற்ற முடியாது. தேசிய நீதிமன்றந்தான் வழி. அந்த வழிகள் எல்லாம் முடிந்த பிறகு ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள மனித உரிமை நீதிமன்றம் இருக்கிறது. அது ஒன்றியத்தின் நிறுவனம் அல்ல. 1949 இல் தொடங்கிய, 46 நாடுகளைக் கொண்ட ஐரோப்பிய மன்றத்தினுடையது. ஐரோப்பியப் பாராளுமன்றமும் அதே நகரில் கூடுவதால் இரண்டையும் ஒன்றென்று எண்ணி மனு அனுப்பி மாதங்களை இழப்பவர்கள் உண்டு. ஜெனீவாவில் உள்ள மனித உரிமைகள் பேரவை ஐநாவினுடையது. அது வேறோர் இடம்.

சட்டம் எப்படிப் பிறக்கிறது என்பதை நடித்துப் பழகுதல்

விரிவுரையை விட இது ஆயிரம் மடங்கு நல்லது. 24 பேர், மூன்றரை மணி நேரம், மூன்று மேசைகள் போதும். பொருளாக எல்லாத் தொலைபேசிகளுக்கும் ஒரே சார்ஜர் என்ற சட்டத்தை எடுங்கள். அது 2024 டிசம்பர் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஒவ்வொருவர் பையிலும் அதன் விளைவு கிடக்கிறது.

மூன்று பேர் ஆணைக்குழு. அவர்கள்தான் முன்மொழிவை எழுதுபவர்கள். அதற்கு ஒரு பக்கம், ஐந்து பிரிவுகளுக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு பேர் பாராளுமன்றம். அவர்களை 5, 4, 2, 1 என்று நான்கு அணிகளாக்குங்கள். எந்த அணிக்கும் தனியாக 7 வாக்குகள் இருக்கக்கூடாது. ஒன்பது பேர் அமைச்சர் சபை, ஒருவருக்கு ஒரு நாடு. ஒவ்வொருவர் கையிலும் சனத்தொகை எழுதிய அட்டை: ஜேர்மனி 83 மில்லியன், பிரான்ஸ் 68, இத்தாலி 59, ஸ்பெயின் 49, போலந்து 37, நெதர்லாந்து 18, டென்மார்க் 6, அயர்லாந்து 5, மால்டா அரை மில்லியன். எல்லாம் அண்ணளவான எண்கள்.

சபையில் ஒன்று நிறைவேற நாடுகளில் 55 வீதமும் சனத்தொகையில் 65 வீதமும் ஆதரிக்க வேண்டும். இந்த விளையாட்டில் அது 5 நாடுகள், ஏறக்குறைய 212 மில்லியன் மக்கள். ஒரு விதி இன்னும் உண்டு: தடுக்க நினைப்பவர்கள் குறைந்தது நான்கு நாடுகளாக இருக்க வேண்டும். ஆகவே ஜேர்மனி, பிரான்ஸ், இத்தாலி மூன்றும் சேர்ந்து எதிர்த்தாலும் சட்டம் நிறைவேறும். அவற்றோடு மால்டா போய்ச் சேர்ந்தால் நின்றுவிடும். மால்டாவின் அட்டையை வைத்திருக்கும் பிள்ளையைச் சுற்றி எல்லோரும் கூடும் அந்த நேரத்தில் சிறிய நாடுகளின் பலம் ஒரு சொல் விளக்கமில்லாமல் புரிந்துவிடும்.

நேரப் பகிர்வு: அறிமுகத்துக்கு 20 நிமிடம், வாசிப்புக்கு 30, பாராளுமன்றமும் சபையும் தனித்தனி அறையில் திருத்தம் செய்ய 50, இரு தரப்பும் ஆணைக்குழுவும் பேசி இணங்க 40, வாக்கெடுப்புக்கு 20, பிறகு பேசிப் பார்க்க 40 நிமிடம். அந்தக் கடைசி 40 நிமிடத்தை எந்தக் காரணத்துக்காகவும் குறைக்காதீர்கள். கற்றல் நடப்பது அங்கேதான். ஒருவர் பேச்சு 90 வினாடிக்கு மேல் போகக்கூடாது, இல்லாவிட்டால் வாய்ச்சாலகர் மூவர் அறையை எடுத்துக்கொள்வார்கள். ஆணைக்குழுவாக இருப்பவர்கள் நடுவில் வேலையில்லாமல் இருப்பதும் வழக்கம். முன்மொழிவைத் திரும்பப் பெறும் உரிமை தங்களுக்கு இருப்பதை அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். நேரம் மிஞ்சினால் அதே வாக்கை ஏகமனதாக வேண்டும் என்ற விதியில் நடத்திப் பாருங்கள். வெளியுறவுக் கொள்கையும் வரியும் ஏன் மெதுவாக நகர்கின்றன என்பது தெரியும்.

வாக்கு

ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் 720 ஆசனங்கள். கடைசித் தேர்தல் 2024 ஜூன் 6 முதல் 9 வரை நடந்தது; அடுத்தது 2029 இல். வாக்களிக்கும் வயது பொதுவாக 18. ஆஸ்திரியா, மால்டா, ஜேர்மனி, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் 16, கிரேக்கத்தில் 17. 2013 மே முடிவுக்குள் பிறந்த பிள்ளை ஜேர்மனியில் அடுத்த தேர்தலில் வாக்காளர். ஆகவே இப்போதே தொடங்குவதில் தவறில்லை.

தன் சொந்த நாட்டில் வாழ்பவருக்குப் பெரும்பாலும் சிக்கலில்லை. இன்னோர் உறுப்பு நாட்டில் வாழ்பவர்களே வாக்கை இழக்கிறார்கள், காரணம் பதிவு. ஜேர்மனியில் வாழும் பிரெஞ்சுக் குடிமகன் ஜேர்மன் பட்டியலில் ஜேர்மனியின் உறுப்பினர்களுக்கு வாக்களிக்க விரும்பினால் முதல் தடவை நகர அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தேர்தலுக்கு 21 நாள் முன் அது போய்ச் சேர வேண்டும். ஒருமுறை சேர்ந்தால், வெளிநாடு போய்த் திரும்பாதவரை, அடுத்த தேர்தலுக்குத் தானாக வரும். பிரான்ஸில் தேர்தலுக்கு முந்திய ஆறாவது வெள்ளிக்கிழமை எல்லை. அங்கே வேறு நாட்டு ஐரோப்பியருக்கு இரண்டு துணைப் பட்டியல்கள் உண்டு, நகரசபைக்கு ஒன்று, ஐரோப்பியத் தேர்தலுக்கு ஒன்று. இரண்டிலும் தனித்தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும். ஒன்றில் இருந்துவிட்டு மற்றதிலும் இருக்கிறோம் என்று நம்பி வாக்குச்சாவடிக்குப் போய்த் திரும்புபவர்கள் பலர். பெல்ஜியத்தில் ஐரோப்பியத் தேர்தலுக்குப் பெயர் பதிந்தால் வாக்களிப்பது கட்டாயம்.

இரண்டு நாடுகளின் பட்டியலில் பெயர் இருந்தாலும் ஒரு தடவைதான் வாக்களிக்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் இதே விதி.

கருத்துக்கேட்பும் மனுவும்

ஆணைக்குழு ஒரு சட்டத்தை எழுதும் முன் இணையத்தில் கருத்துக் கேட்கிறது. ‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்ற பெயரில் அதற்கென ஒரு தளம் இருக்கிறது. முதலில் நான்கு வாரம் சுருக்கமான அழைப்பு, பிறகு பெரிய விஷயங்களுக்கு 12 வாரம் கேள்விக்கொத்து, முன்மொழிவு வெளிவந்த பின் இன்னும் எட்டு வாரம். பதிவு செய்து உங்கள் துறைக்கு மின்னஞ்சல் அறிவித்தல் போட்டு வையுங்கள். பதிலில் மூன்று விஷயங்கள் இருந்தால் வாசிப்பவருக்குப் பயன்படும்: எந்தப் பிரிவு பற்றிப் பேசுகிறீர்கள், அது நடைமுறையில் உங்களை எப்படித் தொடுகிறது, அதற்குப் பதிலாக என்ன வாசகம் வேண்டும். இரண்டு பக்கம் தாராளம். நூறு பேர் ஒரே கடிதத்தைப் பிரதிபண்ணி அனுப்பினால் அதை ஒரு பிரசாரமாகத் தொகுத்துவிடுவார்கள்; நூறு பேரும் தங்கள் சொந்த அனுபவத்தில் நாலு வரி எழுதினால் கனம் வேறு.

மனுவுக்கு ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் மனுத் தளத்தில் கணக்குத் திறக்க வேண்டும். பெயர், நாட்டுக் குடியுரிமை, முகவரி கட்டாயம். 24 ஆட்சிமொழிகளில் ஒன்றில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வரும். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. மனு ஏற்கப்பட இரண்டு நிபந்தனைகள்: விஷயம் ஒன்றியத்தின் செயற்பரப்புக்குள் இருக்க வேண்டும், மனுதாரரை நேரடியாகப் பாதிக்க வேண்டும். முதற் பந்தியிலேயே எந்த ஐரோப்பியச் சட்டம் மீறப்படுகிறது என்று எழுதுங்கள். உதாரணமாக, ஊர் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலப்பது பற்றியென்றால் நீர் பற்றிய ஐரோப்பியச் சட்டத்தின் பெயர், நகரசபைக்கு முன்பு எழுதிய கடிதத்தின் திகதி, அதற்கு வந்த பதில், திகதியிட்ட படங்கள். உணர்ச்சிமிக்க ஐந்து பக்கங்களை விட இந்த நாலு விஷயங்கள் தூரம் போகும். பெயர் வெளியில் தெரியக்கூடாது என்றால் அனுப்பும்போதே கேட்க வேண்டும். பின்னால் கேட்டால் ஏற்கனவே வெளிவந்தது வெளிவந்ததுதான். ஏற்கப்பட்ட மனு தளத்தில் தோன்றிய பின் மற்றவர்கள் ஆதரவு சேர்க்கலாம். முடிவுக்கு நீண்ட காலம் எடுக்கும். சிலவற்றுக்கு ஓராண்டுக்கு மேல்.

ஐரோப்பியக் குறைகேள் அதிகாரியிடம் போவது ஒன்றியத்தின் நிறுவனங்களே உங்களை முறையாக நடத்தாதபோது மட்டும்: கடிதத்துக்குப் பதிலில்லை, ஆவணம் தர மறுக்கிறார்கள் என்பது போல. முதலில் அந்த நிறுவனத்திடமே முறையிட்டிருக்க வேண்டும், விஷயம் தெரிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வர வேண்டும். உங்கள் நகரசபை மீதான முறைப்பாடு அங்கே எடுபடாது.

குடிமக்கள் முன்முயற்சி

பத்து இலட்சம் பேர் கையெழுத்திட்டுச் சட்டம் ஒன்றை முன்மொழியுமாறு ஆணைக்குழுவைக் கேட்பது. 2012 ஏப்ரலில் தொடங்கியது. 2020 முதல் புதிய விதிகள். இளைஞர்களை இது கவர்கிறது, கவரவும் வேண்டும். ஆனால் எந்த அளவுக்கு உழைப்பு என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். மிக முதலில், 2012 மே 9 அன்று பதிவான முன்முயற்சி எராஸ்மஸ் போன்ற பரிமாற்றத் திட்டங்களுக்கு ஒன்றியத்தின் வரவுசெலவில் 3 வீதம் கேட்ட இளையவர்களுடையது. நல்ல கோரிக்கை. இலக்கில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

ஏழு வெவ்வேறு உறுப்பு நாடுகளில் வாழும் ஏழு ஒன்றியக் குடிமக்கள் அமைப்பாளராக வேண்டும். இங்கே பார்ப்பது வாழும் நாட்டை. கையெழுத்தில் பார்ப்பதோ குடியுரிமையை: ஜேர்மனியில் வாழும் பிரெஞ்சுக் குடிமகளின் கையெழுத்து பிரான்ஸின் கணக்கில்தான் சேரும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காத குழுக்கள் தாங்கள் ஒரு நாட்டில் இலக்கைத் தாண்டிவிட்டதாக நம்பி ஏமாறுகின்றன.

பதிவுக்குத் தலைப்பு 100 எழுத்துக்குள், நோக்கம் 1,100 எழுத்துக்குள், விரும்பினால் 5,000 எழுத்துக்குள் இணைப்பு. எந்த ஒப்பந்தப் பிரிவு பொருந்தும் என்பதும் வேண்டும். நோக்கத்தை எழுதுவதற்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள், ஒரு சட்டத்துறை மாணவரையாவது கூட வையுங்கள். ஆணைக்குழுவுக்குச் சட்டம் முன்மொழியும் அதிகாரமே இல்லாத விஷயமென்றால் பதிவு மறுக்கப்படும். தடை தெரிந்தால் ஒரு மாதத்துக்குள் அறிவிப்பார்கள், திருத்த இரண்டு மாதம் கிடைக்கும். தடையில்லாவிட்டால் இரண்டு மாதத்தில் பதிவு முடியும். மொழிபெயர்ப்பை ஆணைக்குழு இலவசமாகச் செய்கிறது, இணையக் கையெழுத்துத் தளத்தையும் இலவசமாகத் தருகிறது. வேறு தளம் தேடிக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

பதிவாகி ஆறு மாதத்துக்குள் ஒரு நாளைத் தெரிந்து, அதைப் பத்து வேலைநாள் முன்னதாக அறிவித்துத் தொடங்கலாம். தொடங்கிய நாளிலிருந்து சரியாக 12 மாதம். இந்த ஆறு மாதத்தை வீணாக்காதீர்கள். கூட்டாளி அமைப்புகள், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பொறுப்பாளர், முதல் வாரத்துக்கான பதிவுகள் எல்லாம் தயாரான பிறகே கடிகாரத்தை ஓடவிட வேண்டும்.

மொத்தம் பத்து இலட்சம் மட்டும் போதாது, குறைந்தது ஏழு நாடுகளில் அந்தந்த நாட்டின் குறைந்தபட்சத்தையும் எட்ட வேண்டும். கணக்கு எளிது: அந்த நாட்டின் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினர் தொகையை 720 ஆல் பெருக்குங்கள். ஜேர்மனி 96 × 720 = 69,120. பிரான்ஸ் 58,320, இத்தாலி 54,720, நெதர்லாந்து 22,320, டென்மார்க் 10,800, மால்டா 4,320. பெரிய நாடு ஒன்றில் மட்டும் ஓடும் பிரசாரம் இந்த இடத்தில் விழும். நடுத்தர, சிறிய நாடுகளில் நாலைந்தை முதலிலேயே தெரிந்துகொள்வது புத்தி.

கையெழுத்திட ஜேர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் குடிமக்கள் பெயர், முகவரி, பிறந்த திகதி கொடுக்கிறார்கள். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் குடிமக்கள் அடையாள ஆவண இலக்கம் கொடுக்க வேண்டும். தெருவில் காகிதத்தில் சேர்க்கும்போது பிரெஞ்சுக்காரர் கையில் அடையாள அட்டை இல்லாவிட்டால் அந்தக் கையெழுத்து கிடைக்காது. அவருக்கு இணைய முகவரியைக் கொடுத்து அனுப்புங்கள். பிழையான இலக்கம், இரண்டு தடவை கையெழுத்து, வயது குறைவு என்று ஒரு பகுதி கழிபடும். ஆகவே 15 வீதம் கூடுதலாகச் சேர்க்கத் திட்டமிடுங்கள். வீடியோ விளையாட்டுகளை விற்ற பிறகு செயலிழக்கச் செய்வதை எதிர்த்த முன்முயற்சி 2025 ஜூலை இறுதியில் முடிந்தபோது, அதன் கையெழுத்துகளில் பெரும்பகுதி கடைசி ஆறேழு வாரத்தில் வந்தவை. இளையோர் வலையொளிக்காரர்களின் பலம் அது. ஆனால் அப்படி ஓர் அலையை நம்பித் திட்டம் போட முடியாது.

ஒருவர் அல்லது ஓர் அமைப்பு 500 யூரோவுக்கு மேல் தந்தால் அதை வெளியிட வேண்டும். சேர்த்த காகிதங்கள் தனிமனிதத் தகவல். அவற்றைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது, காலம் முடிந்ததும் அழிக்க வேண்டும்.

கையெழுத்துகளைத் தேசிய அதிகாரிகள் மூன்று மாதத்தில் சரிபார்ப்பார்கள். பிறகு ஆணைக்குழுவோடு சந்திப்பு, பாராளுமன்றத்தில் பகிரங்க விசாரணை, ஆறு மாதத்தில் பதில். ஆணைக்குழு பதில் சொல்லக் கடமைப்பட்டது; சட்டம் கொண்டுவரக் கடமைப்பட்டதல்ல. தண்ணீர் மனித உரிமை என்று கேட்டு முதலில் இலக்கை எட்டிய முன்முயற்சி 2013 இல் கையெழுத்துகளை முடித்தது. அதன் கோரிக்கைகளில் ஒரு பகுதி 2020 டிசம்பரில் திருத்தப்பட்ட குடிநீர் நெறிமுறையில் இடம்பெற்றது. ஏழு ஆண்டுகள். 18 வயதில் தொடங்கியவர் 25 வயதில் பலனைப் பார்க்கிறார் என்று குழுவுக்கு முதல் நாளே சொல்லுங்கள்.

ஊரில் செய்யக் காசு

அவ்வளவு பெரிதாக வேண்டாம், எங்கள் தெருவில் தொடங்குகிறோம் என்பவர்களுக்கு ஐரோப்பிய ஒருமைப்பாட்டுப் படையின் (இராணுவமல்ல, இளைஞர் தொண்டுக்கு ஒன்றியம் காசு தரும் திட்டம்) உள்ளூர்த் திட்டங்கள் இருக்கின்றன. எங்கள் மதிப்பில் முதல் அடிக்கு இதைவிட நல்லது இல்லை. ஒரே நாட்டில் சட்டப்படி வாழும், 18 முதல் 30 வயது வரையான குறைந்தது ஐந்து பேர். 2 முதல் 12 மாதம். கடவுச்சீட்டு எந்த நாட்டினதாகவும் இருக்கலாம். பதிவுபெற்ற சங்கம் தேவையில்லை, ஐவரில் ஒருவர் சட்டப் பிரதிநிதியாக நின்றால் போதும்.

ஐந்து பேரும் ஐரோப்பிய இளைஞர் தளத்தில் படையில் பதிந்து ஆளுக்கொரு பங்கேற்பாளர் இலக்கம் பெற வேண்டும். பதிவு 17 வயதிலேயே திறக்கும். பிரதிநிதி குழுவின் பெயரில் அமைப்பு இலக்கமும் எடுக்க வேண்டும். இதற்கே ஒரு வாரம் போகலாம். கடைசி நாளில் ஒருவரின் இலக்கம் இல்லாமல் விண்ணப்பம் முழுவதும் நின்றுபோவது அடிக்கடி நடப்பது. விண்ணப்பம் போவது உங்கள் நாட்டின் தேசிய முகவர் நிலையத்துக்கு: பிரான்ஸில் குடிமைச் சேவை முகவர் நிலையம், ஜேர்மனியில் பொன் நகரில் உள்ள ‘யூகெண்ட் ஃப்யூர் ஒய்ரோப்பா’. வழமையாக ஆண்டுக்கு இரண்டு சுற்று, பெப்ரவரியிலும் ஒக்டோபரிலும். சரியான நாளை முகவர் நிலையத் தளத்தில் பாருங்கள். நேரம் பிரசல்ஸ் நண்பகல் 12 மணி, இரவு 12 அல்ல.

நூறு புள்ளியில் குறைந்தது 60 வேண்டும். புள்ளியைக் குறைப்பது எது? ஒரு நாள் விழா. பொங்கலோ கலைமாலையோ தனியாகத் திட்டமாகாது. ஊரில் யாருக்கு என்ன தேவை, அது உங்களுக்கு எப்படித் தெரியும், உங்கள் வேலையால் மாதக் கணக்கில் என்ன மாறும் என்று காட்ட வேண்டும். முதியவர்களுக்கு நகரசபையின் இணையப் படிவங்களை நிரப்ப வாரம் ஒருமுறை உதவும் மேசை, அதை எல்லா மொழிக்காரருக்கும் திறந்து வைப்பது: இப்படியானது நிற்கும். விண்ணப்பத்துக்கு முன் இருபது பேரிடமாவது பேசி, அவர்கள் சொன்னதைத் தொகுத்து எழுதுங்கள். குழுவுக்கு வெளியிலிருந்து ஒரு வழிகாட்டியை அமர்த்த 12 நாள் வரை தனியாகக் காசு உண்டு. பலர் இதைக் கேட்காமல் விடுகிறார்கள். கணக்கு, முரண்பாடு, அறிக்கை மூன்றிலும் அந்த ஆள்தான் காப்பாற்றுவார். இலாபமும் கட்சிப் பிரசாரமும் இதில் இடமில்லை.

18 வயது ஆகாதவர்களுக்கு, கல்விக்கும் இளைஞருக்கும் ஒன்றியம் காசு தரும் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தின் இளைஞர் பங்கேற்புச் செயற்பாடுகள் இருக்கின்றன: 13 முதல் 30 வயது, குறைந்தது நான்கு பேர், அவர்களில் ஒருவர் 18 தாண்டிய பிரதிநிதி, 3 முதல் 24 மாதம், அதிகபட்சம் 60,000 யூரோ. நகரசபை உறுப்பினரோடு இளையோர் உரையாடல், மாதிரிப் பாராளுமன்றம் போன்றவற்றுக்கு இது பொருந்தும். மேலே சொன்ன நடிப்புப் பயிற்சியை ஆண்டு முழுவதும் பல பாடசாலைகளில் நடத்தும் திட்டமாகவும் எழுதலாம். இரண்டு திட்டங்களும் 2027 வரையான காலத்துக்கு உரியவை; அதற்குப் பிறகு விதிகள் மாறும்.

18 வயதானவருக்கு டிஸ்கவர் ஈயூ: வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஐந்து கேள்விகள் கொண்ட வினாடிவினா, தெரிவானால் 30 நாள் வரை பயணிக்க ரயில் அட்டை. குடியுரிமை இல்லாமல் சட்டப்படி வதிபவரும் விண்ணப்பிக்கலாம். எந்தத் திகதிக்குள் பிறந்திருக்க வேண்டும் என்பது சுற்றுக்குச் சுற்று மாறும், வயது 19 ஆகிவிட்டால் வாய்ப்புப் போய்விடும். ஆகவே வீட்டில் 17 வயதுப் பிள்ளை இருந்தால் இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: அட்டை பயணத்துக்கு மட்டும், தங்குமிடமும் சாப்பாடும் கைக்காசு. அகதிப் பயண ஆவணத்தோடு போகிறவர் தன் பாதையில் உள்ள ஒவ்வொரு நாடும் அதை ஏற்கிறதா என்று முன்பதிவுக்கு முன்பே தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தத் திட்டம் பொருந்தும் என்று தெரியாவிட்டால் உங்கள் நகரில் யூரோடெஸ்க் தகவல் நிலையம் இருக்கிறதா என்று பாருங்கள். சேவை இலவசம். போகும்போது வயது, வதிவிட நிலை, குழுவில் எத்தனை பேர், உங்கள் ஒரே வாக்கியம் ஆகிய நாலையும் எழுதிக்கொண்டு போனால் அரை மணி நேரத்தில் விடையோடு திரும்பலாம்.